பேட்டரிக்கு ஒரு நிழல்

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, ஜெயசீலி வீட்டு மொட்டைமாடியில் எட்டாவது சோலார் பேனலை ஒரு சாண் தள்ளிப் பொருத்துவதற்காகப் பின்பக்கமாக ஓர் எட்டு வைத்த சுடலைமணி, எட்டு வைத்த இடத்தில் மாடி முடிந்துபோயிருந்ததால் கீழே போனான். ஒரு சாண் தள்ளச் சொன்னது ஜெயசீலிதான். கொடியில் போர்வை காயப்போட்டால் அதன் நிழல் பேனலில் விழும், ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே படுத்துவிடும் என்று கம்பெனிக்காரன் பெலிக்ஸ் அன்று காலையில்தான் அவளுக்கு விளக்கியிருந்தான்; கொடியை நகர்த்த அவளுக்கு மனம் வரவில்லை, அது இருபது வருடமாக அங்கேயே இருக்கிற கொடி. சுடலைமணி கீழே போனான். அவன் நிழல் மேலேயே தங்கிவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்து, போலீஸ் வந்து, இடுப்பில் கயிறு கட்டாதது அவன் தப்புதான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, வாசலில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட நாலாம் நாள், காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போன ஜெயசீலி அதைப் பார்த்தாள். எட்டாவது பேனலில் ஓர் ஆளின் நிழல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. முழங்கால் மடங்கி, ஒரு கை நீண்டு, நீண்ட கையில் ஸ்பேனரின் நிழலும் இருந்தது. யார் நிற்கிறார்கள் என்று அவள் சுற்றிப் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. உடனே கீழே போய், ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மதர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்: கறையைக் கண்டால் முதலில் துடை, அப்புறம் யார் செய்தது என்று கேள்.

நிழல் போகவில்லை. சோப்பு போட்டாள், புளி தேய்த்தாள், பினாயில் ஊற்றினாள். பெலிக்ஸ் வந்து பேனலையே கழற்றி வேறு மாட்டினான். பழைய பேனல் பளபளவென்று இறங்கியது, புதிய பேனலில் சுடலைமணி அதே ஒருக்களிப்பில் படுத்திருந்தான். போதகர் வந்து அரைமணி நேரம் ஜெபம் செய்து, வெயில் தாங்காமல் மீதியைக் கீழே வந்து முடித்தார். மின்வாரியத்து இன்ஜினியர் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மரத்தோட நிழலா, கட்டடத்து நிழலா, தண்ணித்தொட்டி நிழலா, இந்த மூணுக்குத்தான் ஃபார்மில இடம் இருக்கு சார்" என்று ஜெயசீலியின் கணவர் ராஜமணியிடம் சொல்லிவிட்டு, தண்ணித்தொட்டி என்று எழுதிக்கொண்டு போனார். பெத்தானியா நகர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மாடியேறிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் காபி குடித்தார்கள். செத்தவன் நிழல் எப்படித் தங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை யூனிட் குறையுது என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் அந்த வருடம் பெத்தானியா நகரில் நாற்பத்திரண்டு வீட்டு மாடியிலும் பேனல் ஏறியிருந்தது, பேனல் ஏறிய கையோடு தெருவிலிருந்த வேம்பு, வாதாம், புன்னை எல்லாவற்றையும் நிழல் விழுகிறது என்று சொல்லி வெட்டியிருந்தார்கள், காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் சாப்டாச்சா என்று கேட்பதை விட்டு நேத்து எவ்வளவு என்று யூனிட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்குப் பதினாறு" என்றாள் எதிர்வீட்டு விசாலம். "உங்களுக்கு எவ்வளவுக்கா?"

"ஆறு" என்றாள் ஜெயசீலி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாவம், படுத்தே கெடந்து திங்குதான் போல."

பதினேழாம் நாள் சுடலைமணியின் பெண்டாட்டி வந்தாள். பேச்சிக்கனி என்று பெயர், இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். புருஷனின் தூக்குவாளியும் செருப்பும் மாடியில் கிடக்கும், எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். ஜெயசீலி அவளை மேலே அனுப்பிவிட்டுக் கீழே சோபாவில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தாள். எந்நேரம் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று போனிலேயே தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அவளுடைய அன்றாட ஜெபமாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் எகிறியது. ஆறு மாதச் சம்பளத்தை ஒரே நாளில் கொடுத்தாற்போல எகிறியது. அவள் படி ஏறி ஓடினாள்.

மாடியில் பேச்சிக்கனி வெறுங்காலோடு, தலையில் முந்தானைகூடப் போடாமல், கொதிக்கிற சிமென்டுத் தரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது பேனல் கண்ணாடியாக மின்னியது. சுடலைமணியின் நிழல் எழுந்து வந்து அவள்மேல் நின்றுகொண்டிருந்தது. தலையிலிருந்து பாதம்வரை அவளை மூடியிருந்தது. ஸ்பேனரைக் காணவில்லை, எங்கோ வைத்துவிட்டிருந்தான்.

"எக்கா, குளுமையா இருக்கு" என்றாள் பேச்சிக்கனி, அழாமல்.

"இருக்கும், இருக்கும்" என்றாள் ஜெயசீலி. "நாளைக்கும் வா."

அப்படித்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஒன்பது மணிக்கு வந்து மாடியின் மேற்கு மூலையில் உட்காரவேண்டும், மாலை நாலு மணிக்கு இறங்கவேண்டும், நடுவில் பேனலில் தூசி இருந்தால் துடைக்கவேண்டும். அவள் உட்கார்ந்ததும் நிழல் எழுந்து வரும், அவள் இறங்கியதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். இதற்கொரு பக்குவம் இருப்பதை ஜெயசீலி முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். வெயில் சுடுகிற இடத்துக்குத்தான் நிழல் வரும். இரக்கப்பட்டு ஒருநாள் ரப்பர் செருப்பு கொடுத்தாள். பாதம் சுடவில்லை என்பதால் சுடலைமணியின் பாதங்கள் மட்டும் பேனலிலேயே தங்கிவிட்டன, வரிசை படுத்துவிட்டது. செருப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். விசாலம் அடுத்த நாள் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்பினாள். பேச்சிக்கனி குடித்து முடித்த பத்தாவது நிமிடம் எண் இறங்கியது.

"விசாலம், உங்களுக்குத் தர்மம் செய்யணும்னா உங்க வீட்டு மாடியில செய்யுங்க" என்று ஜெயசீலி தெருவில் வைத்தே சொன்னாள். "இங்க வந்து என் யூனிட்ல செய்யாதீங்க."

பேச்சிக்கனி குறைசொல்லவில்லை. பகல் முழுக்க அவள் நிழலோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆடு குட்டி போட்டதை, தம்பிகள் சண்டை போட்டதை, சுவர் விரிசல் விட்டதை. அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் வேண்டியிருந்தது: நிழலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்று தடவை முயன்றாள். மாடிக்கதவுவரை அவள்மேலேயே வரும். கதவைத் தாண்டினால் படிக்கட்டு இருட்டு, அங்கே அவளைச் சுடுவதற்கு ஒன்றுமில்லை, நிழல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போகும்.

"எக்கா, மேற்குச் சுவர்ல ஒரு ஏணி சாத்தித் தந்தீங்கன்னா போதும்" என்றாள் ஒருநாள். "ரெண்டு மணிக்கு அந்தப் பக்கம் பூரா வெயில் அடிக்கு. வெயில்லயே எறங்கி வெயில்லயே நடந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"உங்க தெருவு மூணு கிலோமீட்டர் தூரம் இருக்கே. வழியில ஒரு மரத்தடி வந்தா?"

"நடந்து பாத்துட்டேங்க்கா. எல்லா மரத்தையும் வெட்டிட்டாவ. எங்கனயும் ஒரு நிழல் கெடையாது." அதைச் சொல்லும்போது அவள் முகம் சிரித்தது. "ஆனில சாரல் மேகம் வாரதுக்குள்ள கூட்டிட்டுப் போயிரணும். மேகம் மூடிட்டுன்னா அவுக எங்க போவாவன்னு தெரியாதுல்லா."

ஜெயசீலிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நிழலும் தொலையும், நிழலின் பெண்டாட்டியும் தொலைவாள். ஈஸ்டர் முடியட்டும், பெலிக்ஸிடம் சொல்லி இரும்பு ஏணி வரவழைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தாள்.

ஈஸ்டர் முடிந்தது, ஏணிக்குப் பதிலாகப் பேட்டரி வந்தது.

கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று, பெத்தானியா நகர் நலச்சங்கத்துக்குச் செயலாளரான ராஜமணிக்கு, நகரிலேயே முதல் பேட்டரி தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று இருந்தது. பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊரே கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருக்கும்போது தான்மட்டும் ஏசியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கவேண்டும். லிதியம் பேட்டரி, தண்ணீர் ஊற்றவேண்டாம், பத்து வருடம் உழைக்கும் என்று பெலிக்ஸ் நாலு பேரை வைத்துத் தூக்கிவந்தான். ஆனால் எங்கேயோ யார் வீட்டிலோ பேட்டரி வெடித்த வீடியோவை ஜெயசீலியின் தங்கை அவளுக்கு அனுப்பியிருந்தாள்.

"எனக்கு அது வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள் ஜெயசீலி.

"சீலி, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா உங்க கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு நீங்க படுங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அதனால் பேட்டரி மொட்டைமாடியில், மேற்கு மூலையில், ஒரு தகர அலமாரிக்குள் குடியேறியது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய முதல் நாளே, பகல் பன்னிரண்டு மணிக்கு, அது கீச்சுகீச்சென்று கத்திவிட்டுத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. "நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா அது மயங்கிரும் மேடம்" என்றான் பெலிக்ஸ். "அதுக்கு ஒரு நிழல் வேணும்." கூரை போடலாமா என்று ராஜமணி கேட்டார். மேற்கே கூரை போட்டால் மூன்று மணிக்கு அதன் நிழல் நாலு பேனலில் விழும் என்று பெலிக்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினான். மூன்று பேரும் வெயிலில் நின்று யோசித்தார்கள். மேற்கு மூலையில் உட்கார்ந்திருந்த பேச்சிக்கனியையும் அவள்மேல் விழுந்திருந்த நிழலையும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சிக்கனி தகர அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்காரவேண்டும் என்று புது ஏற்பாடு வந்தது. தகரம் பழுத்திருந்ததால் அவள் முதுகு சுட்டது. முதுகு சுட்டதால் நிழல் அகலமாக விரிந்து அவளையும் அலமாரியையும் சேர்த்து மூடியது. பேட்டரி குளிர்ந்து மூச்சு விட்டது. எட்டுப் பேனலும் வேலை செய்தன, பேட்டரியும் நிரம்பியது, பதினெட்டு யூனிட் என்று ஜெயசீலி விசாலத்திடம் கேட்காமலே சொன்னாள். ராஜமணி நலச்சங்கக் கூட்டத்தை ஏசி ஓடுகிற தன் ஹாலில் நடத்தினார். வந்தவர்கள் எல்லோரும் மாடியேறிப் பேட்டரியைப் பார்த்து, கீழே இறங்கும்போது, இந்த மாதிரி ஒரு நிழல் நமக்கும் கிடைத்தால் தேவலை என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒருவர் பெலிக்ஸைத் தனியாக அழைத்து, இப்போதெல்லாம் வேலைக்கு வருகிற ஆட்களுக்குக் கயிறு கட்டாயமா என்று விசாரித்தார்.

"எக்கா, ஏணி" என்றாள் பேச்சிக்கனி. முதுகில் தகரத்தின் வரிகள் பதிந்து தோல் உரிந்திருந்தது.

"பெலிக்ஸ் ஊர்ல இல்ல."

மறுவாரம் கேட்டாள். "அக்னி முடியட்டும்." அதற்கு மறுவாரம் கேட்டாள். "உனக்கு இங்க என்ன குறை? பொண்டாட்டியும் புருஷனுமா பகல் பூரா உட்கார்ந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க. எந்தப் பொம்பளைக்கு இது வாய்க்கும்? எங்க வீட்டுக்காரர் என்கிட்டப் பேசி மாசக்கணக்காச்சு."

பேச்சிக்கனி மேற்கே மலைப்பக்கம் பார்த்தாள். "வைகாசி பாதி போயிட்டுக்கா" என்றாள். "இனி ஏணி வந்தா நான் வாரேன்."

அவள் வராமல் நின்ற முதல் நாள், நிழல் பேனலில் போய்ப் படுத்துக்கொண்டது, பேட்டரி பதினொரு மணிக்கே மயங்கியது, இரண்டு மணிக்குத் தெருவில் கரண்ட் போனபோது ராஜமணியின் ஹாலிலும் போனது, விசாலம் எதிர்வீட்டு வாசலில் நின்று பனையோலை விசிறியைக் கொஞ்சம் அதிகமாகவே வீசினாள். மூன்றாம் நாள் பகலில் ஜெயசீலி வெறுத்துப்போய் மாடியேறினாள். ஏறின வேகத்தில் செருப்பை மறந்துவிட்டாள். தரை சுட்டது, கீழே போய்ச் செருப்பு எடுத்துவரப் பொறுமையில்லாமல் கால்மாற்றிக் கால்மாற்றி நின்று, அலமாரியைத் தொட்டுப் பார்த்து, கையை உதறினாள்.

நிழல் எழுந்து வந்தது.

ஈரத் துணியைத் தலையில் விரித்தாற்போல அது அவள்மேல் இறங்கியது. உச்சி குளிர்ந்தது, கழுத்து குளிர்ந்தது, பாதம் குளிர்ந்தது. ஐம்பத்தொரு வருடத்தில் அவளுக்கு யாரும் குடைகூடப் பிடித்ததில்லை. ஒரு சாண் தள்ளிப் போடு என்று தான் சொன்னது இவனிடம்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இவனுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தும் வந்தானா, இல்லாததால் வந்தானா என்று தெரியவில்லை. ஆக, பெண்டாட்டி என்பதற்காக வருகிறவனில்லை. வெயிலில் யார் நின்றாலும் வருகிறவன். பேச்சிக்கனிக்கு இது தெரியாது. ஜெயசீலி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள், தேவைக்கு அதிகமாகவே நின்றாள். பிறகு கீழே போய், சாப்பிட்டு, கை கழுவிவிட்டுக் கணவரிடம் சொன்னாள்.

"கோயில் அசன விருந்துக்கு நேர்ந்து வாங்கிப் போட்டிருக்கோமே, அந்தக் கிடாயைக் கொண்டுபோய் மேல கட்டுங்க. அலமாரியோட கால்ல, சின்னக் கயிறா."

கருப்புக் கிடாய். கருப்பு நன்றாகச் சூடேறும் என்று கான்வென்டில் விஞ்ஞான டீச்சர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. காலையும் மாலையும் தண்ணீர்; நடுவில் கிடையாது. நிழல் முதல் நாளே கிடாய்மேல் வந்து விழுந்தது. கிடாய் ஏணி கேட்கவில்லை. பேச்சிக்கனிக்கு ஆள் சொல்லியனுப்பினாள், இனி வரவேண்டாம் என்று; அதையும் ஒரு விடுதலை போலத்தான் சொல்லியனுப்பினாள்.

நாலாவது நாள், ராஜமணி வெளியே போயிருந்த பகலில், மேற்குச் சுவரில் ஒரு மூங்கில் ஏணி வந்து சாய்ந்தது. பேச்சிக்கனியின் இரண்டு தம்பிகள் அதைத் தலையில் சுமந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்கள். அவர்கள் கீழே பிடித்துக்கொள்ள, அவள் வெறுங்காலோடு ஏறி வந்தாள். ஜெயசீலி மாடிக்கதவின் உள்பக்கம், நிலையில் சாய்ந்து நின்றாள். தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய அவசியம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"வந்துட்டேன்" என்றாள் பேச்சிக்கனி. "எந்திரிங்க, போவோம்."

நிழல் அசைந்தது. ஆனால் எழவில்லை. கிடாய் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது. பேச்சிக்கனி இப்போதுதான் வந்திருந்தாள்.

"நாந்தான் வந்திருக்கேன்" என்றாள் மறுபடியும். அவள் கிடாயைப் பார்த்தாள், அதன் நீண்ட நாக்கைப் பார்த்தாள், அதன்மேல் மூடியிருந்த தன் புருஷனின் கையைப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் அழவோ திட்டவோ இல்லை. கிடாயின் கட்டை அவிழ்க்கப் போனாள். கயிற்றுக்குப் பதிலாக ராஜமணி சங்கிலி கட்டிப் பூட்டுப் போட்டிருந்தார்.

"எக்கா, சாவி."

"அவர் சட்டைப்பையில இருக்கு."

பேச்சிக்கனி தலையை ஆட்டினாள். தலையிலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேனலுக்கும் அலமாரிக்கும் நடுவில், தரை மிகவும் பழுத்திருந்த இடமாகப் பார்த்து நின்றாள். நிற்கத் தொடங்கினாள். ஒரு மணி ஆனது. கீழிருந்து தம்பிகள் கூப்பிட்டார்கள், இருங்கலே என்றாள். ஒன்றரை ஆனது. உதடு வெடித்தது, பாதத்தோல் கொப்புளித்தது, வியர்வை நின்றுபோனது. கிடாய் அவளையே பார்த்தது. ஜெயசீலி போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். ஓர் ஆட்டைவிட அதிகமாக எரிவதற்கு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளுக்கே அறியவேண்டும்போல் இருந்தது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிழல் எழுந்தது. கிடாயை விட்டு, அலமாரியை விட்டு, தரையில் நீண்டு, அவள் காலைத் தொட்டு, மேலே ஏறி அவளை முழுக்க மூடியது. பேச்சிக்கனி கண்ணை மூடித் திறந்தாள். "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு ஏணியைப் பார்த்து ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடி வைத்தாள். ஏணி ஐந்தாறு அடியில் இருந்தது. மூன்றாவது அடியில் அவள் தள்ளாடினாள், தள்ளாடினாலும் விழவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுத்திருந்தால் போயிருப்பாள். அலமாரி கீச்சுகீச்சென்று கத்தத் தொடங்கியது.

ஜெயசீலி இரக்கப்பட்டாள். பார்த்தவர்களால் வேறெப்படியும் சொல்லமுடியாது. பேனல் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்து ஓடி, அவள் தலையில் அப்படியே கவிழ்த்தாள். இடுப்பில் கைகொடுத்துத் தாங்கி, படிக்கட்டு இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். பேச்சிக்கனி வேண்டாம் என்றுதான் சொன்னாள். சொன்னது தண்ணீரோடு போய்விட்டது. கதவுவரை வந்த நிழல், நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிடாயிடம் திரும்பிப் போனது.

தம்பிகள் வாசல் வழியாக ஓடி வந்தார்கள். அக்காவைப் பார்த்துவிட்டுப் பெரியவன் ஜெயசீலியைக் கும்பிட்டான். "நீங்க மட்டும் இல்லன்னா செத்திருப்பா அம்மா."

"நல்லவேளை நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் ஜெயசீலி. "ஏணியை எடுத்துட்டுப் போங்க. யாராவது விழுந்து வைக்கப்போறாங்க."

பேச்சிக்கனியை ஹாலில் சோபாவில் படுக்கவைத்தாள், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள், பாதத்தில் களிம்பு தடவினாள், ஏசியைப் பதினெட்டில் வைத்தாள். நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. மலைப்பக்கமிருந்து முதல் மேகம் வந்து, அவசரமில்லாமல், பெத்தானியா நகரின் நாற்பத்திரண்டு மாடிகளையும் ஒன்றுபோல மூடியது. மேலே கிடாய் ஒருதடவை கத்தியது. எழுந்திருக்கப் பார்த்த பேச்சிக்கனியின் தோளை ஜெயசீலி மெல்ல அமுக்கினாள்.

"எக்கா, குளுருது" என்றாள் பேச்சிக்கனி.

"நல்லாத் தூங்கு" என்றாள் ஜெயசீலி, போர்வையை இழுத்துவிட்டு. "பேட்டரி ஃபுல்லா இருக்கு."